ஒன்பது பேரரசர்களின் தாய்: தோவ்மூவும் சீன வானத்துப் பெண் தெய்வங்களும்

ஏட்டுப்பூச்சி எழுதியது:

சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம், முதல் ஒன்பது நாட்கள். பட்டர்வொர்த், அம்பாங், சிங்கப்பூர், புக்கெட் என்று எங்கு பார்த்தாலும் வெள்ளை உடையும் மஞ்சள் கொடியும் சைவச் சாப்பாடும்தான். 'ஒன்பது பேரரசர் திருவிழா' என்று நம்மவர்களும் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் கோயில்கள் பலவற்றின் பெயர் தௌ பூ கோங். தோவ்மூவின் மாளிகை என்று பொருள். திருவிழா பிள்ளைகளுக்கு, வீடு தாய்க்கு. அந்தத் தாயைப் பற்றித் தமிழில் பேச்சே இல்லை. பேசினாலும் "அது நம்ம மாரீசிதான் (பௌத்தத்தின் விடியல் தெய்வம்), அங்கே போய்ப் பெயர் மாறிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

முதலில் கதை. சோங், யுவான் காலங்களில் (10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை) உருவான, சீனத்தின் தாவோ சமய மறைநூல் ஒன்று சொல்வது இது. ஆதிகாலத்தில் ஓர் அரசன். அவனுடைய தேவி ஸிகுவாங், அதாவது ஊதா ஒளி அம்மை. வானத்துக்கும் பூமிக்கும் துணை நிற்கும் பிள்ளைகளைப் பெறுவேன் என்று அவள் சபதம் எடுத்திருந்தாள். ஒரு வசந்த நாளில் தோட்டத்துக் குளத்தில் இறங்கிக் குளிக்கிறாள். நீரிலிருந்து ஒன்பது தாமரை மொட்டுகள் எழுந்து விரிகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை. ஏழு பகல் ஏழு இரவு கழித்து அந்த ஒன்பதும் ஒளியாகி வானத்தின் நடுவுக்குப் போய்விடுகின்றன. மூத்த இருவர் துருவப் பகுதியை ஆளும் பேரரசர்கள் ஆகிறார்கள். மற்ற ஏழு பேரும் நாம் சப்தரிஷி மண்டலம் என்று சொல்லும் ஏழு விண்மீன்கள்.

சீனர்கள் அந்த ஏழையும் முனிவர்களாகப் பார்க்கவில்லை. வடதிசை அகப்பையாகப் பார்த்தார்கள். தோவ்மூ அந்த அகப்பையின் தாய். சிலைகளில் அவளுக்கு மூன்று அல்லது நான்கு முகம், பெரும்பாலும் எட்டுக் கை. மேலே தூக்கிய இரண்டு கைகளில் சூரிய வட்டமும் சந்திர வட்டமும். சில படங்களில் அவளுடைய தேரை ஏழு பன்றிகள் இழுக்கும்.

அந்தப் பன்றிகளைப் பார்த்துத்தான் 'மாரீசி' என்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை? அடுத்த பதிவில் விரிவாக எழுதுகிறேன். அதற்குள் நண்பர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

பினாங்குவாசி எழுதியது:

அருமையான தொடக்கம் அண்ணே. எங்கள் ஊரில் இதைக் கியூ ஓங் யா என்று ஹொக்கியனில் சொல்வோம். தமிழர்களும் அந்த நாட்களில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். தொடங்குவதற்கு முன் கோயில் முற்றத்தில் உயரமான கம்பம் நட்டு ஒன்பது விளக்கு ஏற்றுவார்கள். அந்த விளக்கு எரியும்வரை பேரரசர்கள் ஊரில் இருப்பதாக நம்பிக்கை. கடற்கரைக்கோ ஆற்றங்கரைக்கோ போய் நீரிலிருந்து அழைத்து வருவார்கள். ஒன்பதாம் இரவு திரும்ப நீருக்கே வழியனுப்பிவைப்பார்கள். அழைத்து வரும் தூபக்கலத்தைக் குடையும் துணியும் வைத்து மறைத்துத்தான் எடுத்துப் போவார்கள், யாரும் நேராகப் பார்க்கக் கூடாது.

எனக்கு ஒரு கேள்வி. வானத்து மீன்கள் என்றால் ஏன் கடலிலிருந்து வர வேண்டும்? இங்கே பெரியவர்கள் சிலர் அவர்கள் மிங் வம்சத்துக்கு உயிரைக் கொடுத்த வீரர்கள் என்கிறார்கள். கடலோடிகள் என்று சொல்பவர்களும் உண்டு.

ஏட்டுப்பூச்சி எழுதியது:

தம்பி, இரண்டும் மேலே மேலே படிந்தவை. 17ஆம் நூற்றாண்டில் மஞ்சுக்கள் மிங் ஆட்சியை வீழ்த்திய பிறகு தென்சீனத்தில் ரகசியச் சங்கங்கள் பரவின. தெற்கே கப்பலேறியவர்களோடு அந்தச் சங்கங்களின் நினைவுகளும் வந்தன. தோற்றுப்போன அரச குலத்துக்காக வெளிப்படையாகத் துக்கம் காக்க முடியாத காலம். சீன வழக்கில் வெள்ளை துக்கத்தின் நிறம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கடல் கடந்து வந்த மக்களுக்குத் தெய்வமும் கடல் வழியாக வருவது இயல்பாகவே பட்டிருக்கும். ஆனால் தாவோ பூசகர்கள் அந்த ஒன்பது நாளும் ஓதும் நூல்களில் கடலோடிகள் இல்லை, அகப்பையின் மீன்கள்தான் இருக்கின்றன. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் தோவ்மூவின் பிறந்தநாள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பிள்ளைகளை வழியனுப்பும் நாள் தாயின் நாளும்தான்.

விண்ணோக்கி எழுதியது:

வானத்தைப் பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அக்டோபரில் பினாங்கு வானத்தில் இருட்டிய பிறகு சப்தரிஷி மண்டலத்தைத் தேடினால் கிடைக்காது. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு 5 பாகைதான் வடக்கே இருக்கிறது. சூரியன் மறையும்போது அந்த மீன்கூட்டமும் கூடவே வடமேற்கில் இறங்கிவிடும். விடியலுக்கு முன் வடகிழக்கில் பார்த்தால் கிண்ணப் பகுதி மட்டும் தலைகாட்டும், வால் முழுதாக எழுவதற்குள் வெளிச்சம் வந்துவிடும். பெய்ஜிங்கில் அப்படி இல்லை. அங்கே கிண்ணப் பகுதி ஆண்டு முழுவதும் மறைவதே இல்லை. இந்த வழிபாடு வடக்கு வானத்தில் பிறந்து தெற்கே வந்திருக்கிறது என்பதற்கு வானமே சாட்சி. மலேசிய நண்பர்கள் மார்ச் முதல் மே வரை இரவில் வடக்கே பார்த்தால் ஏழு மீனும் முழுதாகத் தெரியும்.

அப்புறம் ஒரு சந்தேகம். கண்ணுக்குத் தெரிவது ஏழுதான். இரண்டு பேரரசர்களைச் சேர்த்து ஒன்பது என்கிறீர்கள். ஆனால் சீன சோதிடத்தில் 'இடது துணை, வலது துணை' என்று இரண்டு மறைந்த மீன்களைச் சேர்த்து ஒன்பது என்று படித்த ஞாபகம். எது சரி ஐயா?

ஏட்டுப்பூச்சி எழுதியது:

இரண்டு கணக்கும் உண்டு ஐயா. பிறப்புக் கதையில் இரண்டு பேரரசர் கூட்டல் ஏழு. சடங்கு நூல்களிலும் சோதிடத்திலும் ஏழு கூட்டல் இரண்டு துணைகள். பூசகர்கள் இரண்டையும் மாற்றி மாற்றி ஓதுகிறார்கள், அவர்களுக்கு அதில் சங்கடம் ஒன்றுமில்லை. அகப்பையின் கைப்பிடியில் மிஸார் என்ற மீனுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மங்கலான அல்கோர் சீன வான வரைபடங்களில் துணைமீன். இடது துணையை அதோடு இணைத்துப் பார்க்கும் மரபும் இருக்கிறது. கல்யாணத்தில் நம் வீட்டார் அம்மி மிதித்துப் பார்க்கச் சொல்கிற அருந்ததி அதே மீன்தான்.

இப்போது மாரீசிக்கு வருகிறேன்.

மாரீசி பௌத்தத்தில் விடியலொளியின் தெய்வம். பீகார் பகுதியில் கிடைத்த பால வம்சக் காலச் சிற்பங்களில் மூன்று முகம், அதில் ஒன்று பன்றி முகம், எட்டுக் கை, தேருக்கு ஏழு பன்றிகள். அவளுடைய மந்திர நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர்களில் பெரிய பெயர் அமோகவஜ்ரர், 8ஆம் நூற்றாண்டு. அவருடைய குரு வஜ்ரபோதி தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியாகப் போனவர். பல்லவர் காலத்துக் காஞ்சியோடு தொடர்புடையவர். 720 வாக்கில் தாங் வம்சத் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தார். ஆக, பன்றித் தேர் ஏறிய தேவியைச் சீனத்துக்குக் கொண்டுபோன ஆசிரிய மரபில் நம் பக்கத்துக் கடற்கரைக்கும் பங்கு உண்டு. அதை நான் மறுக்கவே இல்லை. தாவோ பூசகர்கள் இன்றும் தோவ்மூவுக்குச் சொல்லும் மந்திரத்தில் மாரீசியின் பெயர் சீன உச்சரிப்பில் அப்படியே இருக்கிறது. கடைசியில் 'ஸ்வாஹா'வும் வரும்.

ஆனால் பாருங்கள், மாரீசிக்கு ஒன்பது பிள்ளைகள் கிடையாது. அகப்பைக்கு அவள் தாயும் கிடையாது. அவளை வணங்கியவர்கள் எதிரியின் கண்ணில் படாமல் தப்பிக்க வணங்கினார்கள். கானல் நீர் போலப் பிடிபடாதவள் அவள். சீனத்தில் மக்கள் தோவ்மூவிடம் கேட்பது வேறு. ஆயுள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி மாரீசி வருவதற்கு முன்பே, பல நூற்றாண்டுகளாக, அங்கே இருந்தது.

எப்படி என்றால், தெற்கு அகப்பை என்ற இன்னொரு விண்மீன் கூட்டம் பிறப்பை எழுதும், வடக்கு அகப்பை இறப்பை எழுதும் என்பது பழைய நம்பிக்கை. 4ஆம் நூற்றாண்டுத் தொகுப்பு ஒன்றில் ஒரு கதை வருகிறது. குவான் லூ என்ற குறிசொல்பவர் ஓர் இளைஞனைப் பார்த்து, இவனுக்கு ஆயுள் குறைவு என்று கண்டுபிடிக்கிறார். தகப்பன் கெஞ்ச, அவர் ஒரு வழி சொல்கிறார்: மதுவும் மான் இறைச்சியும் எடுத்துக்கொண்டு போ, மல்பெரி மரத்தடியில் இரண்டு கிழவர்கள் பலகையாட்டம் ஆடிக்கொண்டிருப்பார்கள், ஊற்றி ஊற்றிக் கொடு, என்ன கேட்டாலும் வாயைத் திறக்காமல் கும்பிடு. பையன் அப்படியே செய்கிறான். ஆட்ட மும்முரத்தில் இருவரும் சாப்பிட்டுவிடுகிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் பையன். வடக்கே உட்கார்ந்திருந்தவர் கோபப்படுகிறார். தெற்கே இருந்தவர், "சாப்பிட்டாயிற்றே, சும்மா விட முடியுமா?" என்று ஏட்டை வாங்கிப் பார்க்கிறார். பத்தொன்பது என்று இருக்கிறது. சீன எழுத்தில் அது 'பத்து', 'ஒன்பது' என்று இரண்டு எழுத்து. இடத்தை மாற்றக் குறி போட்டுவிடுகிறார். தொண்ணூறு ஆகிவிடுகிறது.

வடக்கே உட்கார்ந்திருந்த அந்தக் கோபக்காரக் கிழவர்தான் வடதிசை அகப்பை. சாவுக் கணக்கு அவர் கையில். அவரை எப்படி இளக்குவது? அந்த இடத்தில் ஒரு தாய் தேவைப்படுகிறாள். அகப்பை கடுமையானது, ஆனால் அதையும் ஒருத்தி பெற்றாளே, அவளிடம் சொல்வோம் என்ற எண்ணம் சீன மண்ணில் விளைந்தது. அந்தத் தாய்க்கு உருவம் வேண்டியிருந்தபோது பன்றித் தேரும் எட்டுக் கையும் கொண்ட மாரீசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். உருவம் கடன், தாய்மை கடனில்லை. இதுதான் என் வாதம்.

கடல்காகம் எழுதியது:

வாதம் நன்றாக இருக்கிறது. ஆனால் பன்றியை வெறும் உருவக் கடன் என்று தள்ளிவிட முடியுமா? ஏழு பன்றி, ஏழு மீன். எண்ணிக்கை தற்செயலாகப் பொருந்தியதா? மாரீசியின் ஏழு பன்றிகளைப் பார்த்தபிறகுதான் சீனர்கள் 'ஆ, இது அகப்பை' என்று சேர்த்திருக்க வேண்டும். அப்படியானால் இணைப்பின் வித்தே இந்தியாவிலிருந்து போனதுதானே? உருவத்தையும் பொருளையும் நீங்கள் பிரிக்கிற மாதிரி பக்தர்கள் பிரிப்பதில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது.

ஏட்டுப்பூச்சி எழுதியது:

கடல்காகம், நல்ல கேள்வி. இதற்கு ஒரு தாங் காலக் கதையே பதில் சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டில் எழுதிவைக்கப்பட்டது.

யீசிங் என்றொரு துறவி, பெரிய வானியலாளர். 727இல் இறந்தார். வஜ்ரபோதியிடம் படித்தவர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழையாக இருந்த நாளில் அவருக்கு உதவிய ஒரு கிழவியின் மகன் கொலைக் குற்றத்தில் சிறையில் கிடக்கிறான். கிழவி வந்து அழுகிறாள். சட்டத்தில் தலையிட முடியாது என்கிறார். அவள் திட்டிவிட்டுப் போய்விடுகிறாள். பிறகு யீசிங் ஒரு பெரிய பானையைத் தயார் செய்துவிட்டு, இரண்டு வேலையாட்களைக் கூப்பிட்டு, "பாழடைந்த அந்தத் தோட்டத்தில் ஒளிந்திருங்கள். மதியத்துக்கு மேல் ஏழு வரும். ஒன்றையும் விடாமல் பிடியுங்கள்" என்று அனுப்புகிறார். ஏழு பன்றிகள் வருகின்றன. பிடித்துப் பானையில் அடைத்து மூடி, சிவப்பு மையால் சமஸ்கிருத எழுத்து எழுதி முத்திரை வைக்கிறார். மறுநாள் காலை அரண்மனையிலிருந்து அவசர அழைப்பு. நேற்றிரவு வடதிசை அகப்பை வானத்தில் காணவில்லை என்று அரசு வானியலாளர்கள் சொல்கிறார்களாம். பேரரசர் என்ன செய்வது என்று கேட்க, நாடு முழுவதும் கைதிகளுக்கு மன்னிப்பு கொடுங்கள் என்கிறார் யீசிங். மன்னிப்பு வருகிறது, மகன் விடுதலையாகிறான். அன்றிரவு ஒரு மீன் தெரிகிறது. ஏழாவது இரவில் ஏழும் திரும்பிவிட்டன.

இதில் பன்றி ஏழும் அகப்பை ஏழும் ஒன்றாகிவிட்டன. சமஸ்கிருத முத்திரையும் இருக்கிறது. ஆகவே இணைப்பில் இந்தியப் பங்கு இருக்கிறது என்று நீங்கள் சொல்வது எனக்குச் சம்மதமே. ஆனால் தாயைத் தேடுங்கள். மாரீசி இந்தக் கதையில் இல்லை. அழுகிற தாய் ஒருத்தி பூமியில் இருக்கிறாள், வானத்தில் இன்னும் யாரும் இல்லை. வானத்துத் தாய் சில நூற்றாண்டுகள் கழித்துத்தான் வருகிறாள்.

நெசவாளிமகள் எழுதியது:

வாசிக்க வாசிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. தோவ்மூ மட்டும் போதுமா? சீன வானத்துப் பெண் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நெசவுப் பெண் ஜிநூ. அவள் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாக: வான அரசனின் மகள், மேகங்களை நெய்பவள். மாடு மேய்க்கும் நியூலாங்கை மணந்தாள். வான ஆறு நடுவில் வந்து இருவரையும் பிரித்தது. ஏழாம் மாதம் ஏழாம் இரவு மட்டும் மேக்பை பறவைகள் கட்டும் பாலத்தில் சந்திக்கிறார்கள்.

ஆனால் அவளைப் பற்றிய பழைய குறிப்பில் காதலே இல்லை. சீனத்தின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பில், கிழக்கு நாட்டார் ஆட்சியாளர்களின் சுரண்டலை நொந்து பாடும் பாட்டு ஒன்று வருகிறது. எங்கள் தறிகள் வெறுமையாகக் கிடக்கின்றன என்று தொடங்கி வானத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள்: நெசவுப் பெண்ணே, ஒரு நாளில் ஏழு இடம் நகர்கிறாய், ஒரு முழத் துணியாவது நெய்தாயா? வானத்து முறத்தால் புடைக்க முடியவில்லை, வானத்து அகப்பையால் மது மொள்ள முடியவில்லை. நெசவுக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த வரிகளைக் கடந்து போகவே முடியவில்லை. வானத்தில் நெய்கிறவளின் பெயர் இருக்கிறது, கீழே நெய்கிறவளுக்குத் துணி இல்லை.

பிற்காலத்தில் பெண்கள் அவளிடம் கைத்திறன் கேட்டார்கள். ஏழாம் இரவில் நிலா வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோப்பார்கள். கான்சு மாகாணத்து ஷீஹெயில் பெண்கள் இந்த வழிபாட்டை ஏழு பகல் எட்டு இரவு கொண்டாடுகிறார்கள். இன்று நகரங்களில் காதலர் தினமாகச் சுருங்கிவிட்டது. பூ விற்கிறார்கள், சாக்லேட் விற்கிறார்கள். ஊசி காணாமல் போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம்.

விண்ணோக்கி எழுதியது:

அக்கா சொன்ன மீன்களை நம் ஊரிலேயே பார்க்கலாம். ஜிநூ என்பது வேகா. நியூலாங் என்பது ஆல்டேர். ஆகஸ்ட், செப்டம்பர் முன்னிரவில் சென்னையிலிருந்து வடக்கே நல்ல உயரத்தில், 64 பாகை வரை, நீலவெள்ளையாக வேகா வரும். தெற்கே தள்ளி ஆல்டேர். ஊர் விளக்குகள் இல்லாத இடமென்றால் நடுவில் பால்வீதி ஓடுவதும் தெரியும். அந்த ஆற்றுக்குள் கிடக்கும் டெனெப் மீனைச் சீனர்கள் வான ஆற்றின் துறையோடு சேர்த்தார்கள். வேகா நம்மிலிருந்து 25 ஒளியாண்டு, ஆல்டேர் 17க்குச் சற்றுக் குறைவு. இருவருக்கும் இடையே கணக்குப் போட்டால் சுமார் 15 ஒளியாண்டு வருகிறது.

பினாங்குவாசி எழுதியது:

தைவானில் ஏழாம் நாள் காதலுக்கு மட்டும் இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேனே?

நெசவாளிமகள் எழுதியது:

ஆமாம் தம்பி. அங்கே அவள் ஏழு தாயாராகப் பெருகிவிடுகிறாள். ச்சீ நியாங் மா என்பார்கள், குழந்தைகளின் காவல். பதினாறு வயது வரை பிள்ளை அவள் பொறுப்பு. தைனான் நகரத்தில் கைலோங் கோயில் இருக்கிறது, 1732இல் எழுந்தது. ஏழாம் மாதம் ஏழாம் நாள் பதினாறு நிரம்பிய பிள்ளைகள் காகிதத்தில் செய்த ஏழு தாயார் மண்டபத்தின் அடியில் தவழ்ந்து வெளியே வருவார்கள். அத்தோடு பெரியவர்கள். இதற்குப் பின்னால் கூலிக் கணக்கு ஒன்று இருக்கிறது. அந்தத் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் பிள்ளைகளுக்குப் பதினாறு வரை அரைக் கூலி, நிரம்பினால் முழுக் கூலி. அதனால்தான் வீட்டில் அப்படியொரு கொண்டாட்டம். கூலித் துறையில் நின்ற தெய்வம் என்பதால் எனக்கு ஜிநூவை விட இவளைத்தான் அதிகம் பிடிக்கும்.

கடல்காகம் எழுதியது:

கடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் இன்னொன்று. சுக்கிரனும் புதனும் சீனத்தில் ஒரு காலத்தில் பெண்கள்! துன்ஹுவாங் குகையில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 897ஆம் ஆண்டுப் பட்டு ஓவியத்தில் புத்தரின் தேரைச் சுற்றி ஐந்து கோள்கள் வருகின்றன. சுக்கிரன் பிப்பா என்ற நரம்பிசைக் கருவி வாசிக்கும் வெள்ளுடைப் பெண். புதன் தலையில் குரங்குச் சின்னமும் கையில் எழுதுகோலும் வைத்திருக்கும் பெண். ஷான்சி மாகாணத்து யோங்லெ தாவோ கோயிலில் 1325இல் முடிந்த சுவரோவியங்களிலும் இந்த இருவரும் பெண்களாகவே வருகிறார்கள். நம் நவக்கிரகத்தில் இருவருமே ஆண்கள். அதனால் இந்தியாவிலிருந்து அப்படியே எடுத்தார்கள் என்று இங்கே சொல்லவே முடியாது. சுக்கிரன் பெண்ணாவது மேற்காசிய வழக்கு, மத்திய ஆசியா வழியாக வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பிறகு மிங் காலத்துக் கதைகளில் சுக்கிரன் வெண்தாடிக் கிழவராக மாறிவிடுகிறார். இசை வாசித்த அந்தப் பெண் மறைந்துபோனது பெரிய இழப்பு.

ஏட்டுப்பூச்சி எழுதியது:

அருமையான எடுத்துக்காட்டு. இதோடு சேர்த்துப் பார்த்தால் தோவ்மூ எவ்வளவு உறுதியாக நின்றிருக்கிறாள் என்பது தெரியும். சுக்கிரப் பெண் ஓவியத்தில் மட்டும் வாழ்ந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அதனால் போய்விட்டாள். தோவ்மூவிடம் கேட்க மக்களுக்கு ஆயுள் இருந்தது, ஆண்டுதோறும் வரும் பயம் இருந்தது.

அந்தப் பயத்துக்குப் பெயர் தாய் சுயி. அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு காவல் தளபதி. நம் பிரபவ, விபவ அறுபதை நினைத்துக்கொள்ளுங்கள். பிறந்த ஆண்டோடு நடப்பு ஆண்டின் தளபதி மோதினால் அந்த வருடம் சரியிருக்காது என்பார்கள். பெய்ஜிங் வெண்மேகக் கோயிலில் அறுபது பேருக்கும் ஒரு மண்டபம் உண்டு. நடுவில் இருப்பவள் தோவ்மூ. மிங் காலத்து நாவல் ஒன்றில் ஜின்லிங் என்ற வீராங்கனை போரில் இறந்தபின் தோவ்மூ பதவி பெறுகிறாள். எண்பத்து நான்காயிரம் மீன்கள் அவள் ஆணைக்குக் கட்டுப்படும்.

அவளுடைய பூசையில் எனக்கு மிகவும் பிடித்தது அகப்பை விளக்கு. மரக்கால் போன்ற ஓர் அளவுப் பாத்திரத்தில் அரிசி நிரப்பி, அதில் விளக்கு, கண்ணாடி, வாள், கத்தரிக்கோல், அளவுகோல், சின்னத் தராசு எல்லாம் வைப்பார்கள். தைவானில் குடும்பத்துக்கு ஒன்று என்று பெயர் எழுதி வரிசையாக ஏற்றுவார்கள். ஆயுள் விளக்கு அது.

விண்ணோக்கி எழுதியது:

நற்றிணையில் "கைதொழு மரபின் எழுமீன்" என்று வருகிறது. கடல் பரப்பில் முதுகு நனைய நீராடும் சிறு பறவைக் கூட்டத்துக்கு அதை உவமை சொல்கிறார் புலவர். இதே ஏழு மீனை நம்மவர்களும் கைதொழுதிருக்கிறார்கள். இழைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று சொன்னேன்.

பினாங்குவாசி எழுதியது:

நன்றி ஐயா. அண்ணே, சிங்கப்பூரிலும் பழைய தோவ்மூ கோயில் இருக்கிறதா? அடுத்த வருடம் அங்கே போகும் வாய்ப்பு இருக்கிறது.

ஏட்டுப்பூச்சி எழுதியது:

ஹவ்காங்கில் இருக்கிறது தம்பி, அப்பர் சிராங்கூன் சாலையில். 1921இல் கட்டியது, 2005இல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. சீனத் தெருக்கூத்துக்கு நிரந்தர மேடை உள்ள சில கோயில்களில் அது ஒன்று. ஒன்பதாம் மாதம் போனால் வெள்ளை உடுத்திக்கொண்டு போங்கள், அன்று காலையிலிருந்து சைவமாக இருங்கள். கூட்டம் பேரரசர்கள் பக்கம் போகும். நீங்கள் தாயைக் கேட்டு, அவள் முன்னால் ஒரு ஊதுபத்தி ஏற்றிவிட்டு வாருங்கள்.